ஒரே வரியில் வந்துபோகும் பெற்றோர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நாவல் பிடிக்கவில்லை. பாதியில் மூடி வைத்துவிட்டுச் சொல்லவில்லை. நானூறு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் இங்கிலீஷுக்கு அது மூன்று வாரம் பிடித்தது.

என் மகள் இனியா அதை மூன்று தடவை படித்திருக்கிறாள். அவளுக்குப் பதினேழு வயது. அடுத்த வருஷம் பல்கலைக்கழகம் போகப்போகிறாள். போனால் அந்த நாவலில் வருவது மாதிரி ஓர் இடத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரம் செய்ய நான் ஆளில்லை. இந்த மாதிரிக் கதைகளுக்கு இங்கே புத்தகக் கடையில் தனி அலமாரியே இருக்கிறது, டார்க் அகாடமியா என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். பழைய கல் கட்டடம், ஓயாத மழை, நிறையப் படித்த பிள்ளைகள், அவர்களைக் கெடுக்கிற ஒரு பேராசிரியர், ஒரு சாவு. மெழுகுவர்த்தி இல்லாமல் யாரும் ஒரு வரி படிக்க மாட்டார்கள். முதல் நாற்பது பக்கத்துக்குள் பதினோரு மெழுகுவர்த்தி எண்ணினேன். கரண்டு இல்லாத ஊரா அது?

கதை இதுதான். ஐந்து மாணவர்கள், பழைய சுவடி படிக்கிறவர்கள். அவர்களுடைய பேராசிரியருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சி, செத்துப்போன ஒரு மாணவனிடமிருந்து திருடியது. ஐவரில் ஒரு பெண் அதைக் கண்டுபிடித்து வெளியே சொல்லப்போகிறேன் என்கிறாள். மற்ற நால்வரும் அவளை மிரட்டுவதற்காகச் சுவடி அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். குளிரில் அவள் இறந்துபோகிறாள். பேராசிரியர் சொல்லிக்கொடுத்தபடி நால்வரும் போலீஸிடம் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து நால்வரில் ஒருவர் ஒயின் குடித்துக்கொண்டே இதையெல்லாம் அழகாக எழுதுகிறார்.

அந்த அழகுதான் எனக்கு ஆகவில்லை. குற்ற உணர்ச்சிக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட்டு மாட்டிவிட்டது போல இருக்கிறது. செத்த பெண்ணின் கண் என்ன நிறம் என்று அரைப் பக்கம். ஆனால் அவள் எந்த ஊர், அவள் வீட்டில் யார் யார் என்று ஒன்றும் கிடையாது. முந்நூறாம் பக்கத்துக்கு மேல் ஒரே ஒரு வரி: மறுநாள் அவளுடைய பெற்றோர் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவ்வளவுதான். அடுத்த வரியில் மறுபடி மழை.

அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். நான்கு நாள் தொடவில்லை. அந்த மாதிரி பெட்டி எடுக்க வந்த ஓர் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன்.

2

நான் அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துக்காரி. இங்கே, ஸ்காட்லாந்தின் வடக்கில் ஒரு கடற்கரை ஊரில், பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். என்ஜினீயரிங் படித்தேன். பார்ப்பது நகராட்சி ஆபீஸில் குப்பைத்தொட்டி வேலை. தொட்டி எடுக்க வண்டி வரவில்லை என்று திட்டி எழுதுகிறவர்களுக்கு நாள் முழுவதும் பதில் எழுதுவது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர். குறித்த நாளுக்குள் பதில் போகவில்லை என்றால் என் மேலதிகாரி என் மேஜைக்கு வந்துவிடுவார். நீ யாருடன் வந்து இந்தப் புகாரைக் கொடுத்தாய் என்று இதுவரை யாரையும் யாரும் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்கு வருஷம் ஹாஸ்டலில் இருந்தேன் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. வீடு வாசல் இல்லாதவர்களைத் தங்கவைக்கிற இடத்துக்கு இந்த ஊரில் அந்தப் பெயர். ஒரு மாதத்துக்கு என்னிடம் மிகவும் மென்மையாகப் பேசினாள். தினமும் ஒரு பிஸ்கட் வேறு. நான் திருத்தவில்லை. எங்கள் ஹாஸ்டலுக்கு அந்த இரக்கம் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனியா இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். அதனாலேயே சில சமயம் அவளுக்குக் கோபம் வந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

நாவலை மூடிவைத்த அதே வாரம் ஹாஸ்டல் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. படிப்பு முடிந்து இருபது வருஷம் ஆகிறதாம். காலேஜிலேயே எல்லோரும் கூடப்போகிறோம், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஹாஸ்டல் நினைவுகளை ஒரு நிமிஷ வீடியோவாக அனுப்புங்கள் என்று போட்டிருந்தாள் பானு. அவள் என் அறைத்தோழி. எங்கள் அறையில் ஐந்து பேர். அந்தக் குழுவில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஐந்தாவது ஆள் இல்லை.

அவள் பெயர் ஸ்டெல்லா. ஏலாக்குறிச்சிப் பெண்.

3

காலேஜ் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சோளக்காட்டுக்குள் இருந்தது. எந்தக் காலேஜ் என்று எழுத மாட்டேன். கல் கட்டடம் இல்லை, ரோஸ் கலர் பெயின்ட் அடித்த சிமென்ட் கட்டடம். மூன்றாம் வருஷம் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்து, பிள்ளைகளுக்கு வரிசையாக மஞ்சள் காமாலை வந்தது. வந்தவளை ஒவ்வொருத்தியாகச் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்கள். நானும் போனேன். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு ஒரு மாதம் வீட்டில் கிடந்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் ஸ்டெல்லா மனு எழுதிவிட்டாள். தொட்டியைச் சுத்தம் செய்யவில்லை, இத்தனை பேருக்கு நோய், என் அறைத்தோழிக்கும் நோய் என்று. அந்த அறைத்தோழி நான். மனுவைப் பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ஆபீஸ் எங்கே என்று தெரிந்த ஒரு வகுப்புப் பையன் கூடப்போனான். பஸ்ஸில் போனார்கள், பஸ்ஸில் வந்தார்கள். நடந்தது அவ்வளவே.

மூன்றாம் நாள் மனுவின் நகல் வார்டன் மேஜையில் கிடந்தது. எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது.

வார்டன் எங்கள் நான்கு பேரைக் கூப்பிட்டார். கத்தவில்லை. டீ வரவழைத்தார். நான்கு வெள்ளைத்தாள் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். மேற்படி மாணவி பாட நேரத்தில் ஆண் நண்பருடன் வெளியில் சுற்றுவதை நாங்கள் பலமுறை நேரில் கண்டோம், கண்டித்தும் கேட்கவில்லை, அவளுடன் ஒரே அறையில் தங்க எங்களுக்கு அச்சமாக உள்ளது. எழுதினோம். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கண்ணில் மஞ்சள் இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை. அந்தக் கண்ணோடுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்டால், பயம். வேறொன்றும் இல்லை. அடுத்த வாரம் பிராக்டிகல். மார்க் அவர்கள் கையில். பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில். சேரும்போதே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள், படிப்பு முடிந்தால்தான் திரும்ப வரும். ஊரில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே ஒருத்தியிடம் சொன்னபோது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது மாதிரியா என்று கேட்டாள். அப்படித்தான்.

மறுநாள் ஸ்டெல்லாவின் அப்பா சவரிமுத்து சார் வந்தார். திருமானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆபீஸ் அறையில் ஒரு மணி நேரம் இருந்தார். பிறகு அறைக்கு வந்து மகளின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நாங்கள் நான்கு பேரும் வராந்தாவில் நின்றோம். நல்லாப் படிங்கம்மா என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லா எங்களைப் பார்க்கவே இல்லை.

4

இதையெல்லாம் இனியாவிடம் நான் சொல்ல நினைக்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, பெற்றோர் கல்லூரியில் படித்தவர்களா என்று. அதை நிரப்பும்போது, உன் காலேஜ் எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் நாவலைத் திட்ட ஆரம்பித்தேன். இந்தக் கதையில் வருவது எல்லாம் பொய், நிஜக் காலேஜில் டியூப்லைட் வெளிச்சத்தில் டீ கொடுத்துத்தான் இதெல்லாம் நடக்கும், செத்தவளுக்கு அப்பா அம்மா இருப்பார்கள், எழுதியவனுக்கு அது தெரியவில்லை என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. ஸ்டெல்லா கதை முழுவதும் வந்துவிட்டது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு நாவலைப் பற்றி நான் சொன்னது தப்பு என்றாள். எழுதியவருக்கு எல்லாம் தெரியும், கதை சொல்கிற கிழவன்தான் தன்னலக்காரன், அதனால்தான் பெற்றோருக்கு அவன் ஒரே வரி கொடுக்கிறான், படிக்கிறவர்களுக்கு அங்கே கோபம் வர வேண்டும், உனக்கு வந்துவிட்டது, அப்புறம் என்ன என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். அவள் சொன்னது சரி. மெழுகுவர்த்தியை எண்ணிக்கொண்டிருந்ததில் நான் இதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு தமிழுக்கு வந்தாள்.

"அந்த ஆளாச்சும் நாப்பது வருஷம் கழிச்சு எழுதுனான். நீ யார்கிட்டயும் சொல்லலயேம்மா."

"உன்கிட்ட சொன்னேனே."

"நான் யாரு அதுக்கு?"

விண்ணப்பத்தை அவளே நிரப்பி முடித்தாள். எனக்கு மகள் மீது கோபம், அதற்கு மேல் என் மீது. அவள் என்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறாள் என்று மாதா மாதம் நான் எழுதுகிற இந்தப் பத்தியிலேயே எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். தள்ளி நின்று பார்க்கும்போது நான் முழுசாகத் தெரிகிறேன் போலிருக்கிறது.

5

பானுவிடம் முதலில் பேசினேன். வீடியோ அனுப்புகிறேன், அதில் ஸ்டெல்லா விஷயத்தையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றது. எல்லோரும் பிள்ளை குட்டியோடு வருகிறார்கள், வந்த இடத்தில் எதற்கு இது, நாம் என்ன வேண்டுமென்றா செய்தோம் என்றாள். வேண்டும் என்று செய்யவில்லை, ஆனால் செய்தோம் என்றேன். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பேசுவாய், நான் அந்தக் காலேஜ் வாசலைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போகிறேன் என்றாள். வீடியோ அனுப்பவில்லை. குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அது பெரிய வீரம் ஒன்றும் இல்லை.

ஸ்டெல்லாவின் நம்பரைக் கண்டுபிடிக்க என் தம்பிக்குப் பாதி நாள்கூட ஆகவில்லை. எங்கள் ஊரிலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறவளை இருபது வருஷமாக நான் தேடவில்லை. திருமானூரில் ஓர் இ-சேவை மையத்தில் இருக்கிறாள். பட்டா, சாதிச் சான்று, ஆதார் திருத்தம் என்று வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மனு போட்டுக் கொடுப்பது வேலை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில். அம்மா இறந்த பிறகு ஏலாக்குறிச்சியில் அப்பாவுடன்தான் இருக்கிறாள்.

கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, சொல்லு என்றாள். பின்னால் பிரின்டர் ஓடியது. யாரோ ஒரு பெரியவர் கைரேகை விழவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கைய தொடச்சிட்டு வைங்க தாத்தா, செத்த உக்காருங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் என்னிடம் வந்தாள்.

நான் எழுதி வைத்ததைப் படிப்பது போல ஒப்பித்தேன். மன்னிப்பு, தப்பு, பயம், எல்லாம். மகளின் நாவலைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"புக்கு படிச்சுட்டுத்தான் என் ஞாபகம் வந்துச்சாடி?"

அவளே தொடர்ந்தாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். நீ எழுதுனது பொய்யின்னு எனக்குச் சொல்றியே, நான் எங்க போனேன்னு எனக்குத் தெரியாதா? தெரியாத ஆளுகிட்ட சொல்லு."

"யார்கிட்ட?"

"எங்கப்பாகிட்ட."

பிறகு அவள் பேசினாள். கடையில் ஆள் இருக்கும்போதே, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அப்பா ஒன்றும் கேட்கவில்லையாம். திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அதற்கப்புறமும் ஒரு நாளும் கேட்டதில்லை. பையனோடு சுற்றினாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். கேட்கவே இல்லை. டி.சி.யில் நடத்தை சரியில்லை என்று எழுதிவிட்டதால் வேறு காலேஜ் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. தபாலில் ஒரு டிகிரி முடித்தாள். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறார்கள், வருகிறார்கள். அந்தப் பேச்சு மட்டும் வருவதே இல்லை.

"அவருக்கு எழுபத்தாறு ஆவுது. நெஞ்சுல ஒருதடவ ஆபரேஷன் பண்ணியாச்சு. நம்பிட்டே போயிருவாரோன்னு இருக்கு எனக்கு. நான் சொன்னா, தப்பு பண்ணவ சொல்றதாத்தான் இருக்கும். நீ எழுதுனவ. நீ சொல்லு."

நம்பரை அனுப்பினாள். மதியம் ஒரு மணிக்கு மேல் கூப்பிடு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று எழுதியிருந்தாள்.

6

இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, ஆபீஸ் போகிறதுக்கு முன், எட்டரை மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே மதியம். இனியா எதிரில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எழுந்து போகச் சொல்லவில்லை.

சவரிமுத்து சாரின் குரல் மாறவில்லை. வகுப்பில் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் யார் என்று சொன்னேன். விக்கிரமங்கலத்துப் பொண்ணு, காமாலை வந்த புள்ள என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை ஒப்பிக்கவில்லை. மனு கொடுத்தது, டீ கொடுத்தது, வார்டன் சொல்லச் சொல்ல எழுதினது. உங்கள் மகள் எங்கேயும் சுற்றவில்லை சார், எனக்காகத்தான் அந்த மனு கொடுக்கப் போனாள் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அந்த நாலு தாளையும் என் கையில குடுத்தாங்கம்மா," என்றார். "ஒண்ணொண்ணா படிச்சேன். முதல் வரிலேருந்து கடைசி வரி வரைக்கும் நாலும் ஒண்ணு. முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்துனவன் நான். நாலு புள்ள ஒரே மாதிரி எழுதுனா அது யாரோ சொல்லிக் குடுத்ததுன்னு தெரியாதா? எங்க ஸ்கூலா இருந்தா நாலுக்கும் முட்ட போட்டிருப்பேன்."

"தெரியுமா சார்?"

"அந்த நாற்காலில உக்காந்திருக்கும்போதே தெரியும்."

அப்படியென்றால் ஏன் சார் அழைத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி என்று யோசிக்கவில்லை, கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஐந்தாவது ஒரு தாளை நீட்டினார்களாம். என் சொந்த விருப்பத்தின் பேரில் மகளைக் கல்லூரியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன், நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதில் கையெழுத்துப் போட்டால் ஒரிஜினல் சான்றிதழ்கள் உடனே கைக்கு வரும். போடவில்லை என்றால் விசாரணை, ஊர் முழுக்கப் பேச்சு. அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள். இவர் வேலை பார்த்ததும் ஒரு நிர்வாகத்தின் கீழேதான். பேனாவை அவர்களே கொடுத்தார்களாம்.

"நீங்க நாலு பேரும் சின்னப் புள்ளைங்க. நான் வாத்தியார்."

இனியா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ நெனக்கிறா சார்," என்றேன். "நீங்க அத நம்பிட்டீங்கன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருக்கா."

"தெரியும். நம்பலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொன்னா, தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்கன்னு கேப்பா. அதுக்கு பயந்துகிட்டுத்தான்." இருமினார். "நீ சொல்லிரும்மா அவகிட்ட. அப்பா அன்னைக்கே நம்பலயாம்னு."

ஒரு கணம் ஒத்துக்கொள்ள இருந்தேன். வயதானவர், நெஞ்சு நோயாளி, கெஞ்சுகிறார். சரி சார் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

"முடியாது சார்," என்றேன். "என்னோடத நான் சொல்லிட்டேன். இது உங்களோடது."

மரியாதை இல்லாத பேச்சுதான். வேறு மாதிரி எனக்குப் பேச வராது. அவர் ம் என்றார். போனை வைக்கவில்லை. அங்கே ஏதோ ஒரு கோழி கத்தியது. பிறகு வாசலில் ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம், ஸ்டாண்டு போடுகிற சத்தம். வெயில் என்னா போடு போடுது என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா உள்ளே வருவது கேட்டது. இன்னும் சாப்பிடலையாப்பா என்று கேட்டாள்.

"ஸ்டெல்லா, இங்க வந்து உக்காரும்மா," என்றார்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. என்னப்பா என்றாள். அவர் போனை எங்கேயோ கீழே வைத்துவிட்டார். அணைக்க மறந்துவிட்டார், அல்லது அணைக்கத் தெரியவில்லை.

நான் அணைத்துவிட்டேன்.